மெர்சி கப்பலின் ரொட்டிக் கூடை

ஏப்ரல் 9, 1667. சாட்டம் துறை

பட்டாணிக் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. போசன் ட்ரூப் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஒபடையா, உன் மரக்காலைக் கழுவின தண்ணியாய்யா இது?" என்று கேட்டான். தச்சன் யேட்ஸ் இரண்டாவது கிண்ணம் வாங்கிக்கொண்டான். அவனுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

மெர்சியில் இப்போது குடியிருப்பது நாங்கள் நான்கு பேர்தான். கயிற்றுக்கும் பாய்க்கும் பொறுப்பான ட்ரூப், அவன் மனைவி ப்ரூடன்ஸ், யேட்ஸ், சமையல்காரனான நான். ராஜாவிடம் கப்பலை ஓட்டக் காசில்லை. பாய்களை இறக்கி, பீரங்கிகளைக் கரையேற்றி, மெட்வே ஆற்றில் மாட்டைக் கட்டுவதுபோலக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். கேப்டன்கள் வருவார்கள், போவார்கள். நாங்கள் கப்பல் இருக்கும்வரை இருப்போம்.

படுக்கும் முன் அன்றைய பாவத்தை எழுதி வைக்க வேண்டும் என்று அப்பா பழக்கியிருந்தார். இன்றைய பாவம், கஞ்சி. மற்றது பழையதுதான் — ஒரு மனிதன் சாக வேண்டும் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 10

மழை. நினைப்பு அதே.

ஏப்ரல் 21

ட்ரூப் கரைக்குப் போய்ச் செய்தியோடு வந்தான். மெர்சிக்குப் புதுக் கேப்டன் போட்டிருக்கிறார்களாம். பெவிஸ் கார்ன்ஃபோர்த்.

கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தேன். "என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றான் ட்ரூப். அவனுக்கு எதுவும் தெரியாது. அவன் இந்தக் கப்பலுக்கு வந்து நான்கு வருஷம்தான் ஆகிறது.

இந்தக் கப்பலை வுல்விச்சில் கட்டி இறக்கியபோது இதன் பெயர் ரௌட்டன். ராஜாவின் தகப்பனுடைய படையைப் பாராளுமன்றத்தார் அடித்து விரட்டிய இடத்தின் பெயர். அன்று ஆண்டது அவர்கள். பிறகு மகன் நாடு திரும்பி அரியணை ஏறினான். தகப்பன் அடிவாங்கிய இடத்தின் பெயரை மகன் எப்படிப் பொறுப்பான்? ஒரே வாரத்தில் பின்புறத்துச் சிற்பங்களை உளியால் செதுக்கி எறிந்து, முகப்பில் இருந்த குதிரைவீரனைப் பிடுங்கி அடுப்பில் வைத்து, தங்கப்பூச்சில் ஒரு பெண்ணையும் சிங்கத்தையும் நிறுத்தி, மெர்சி என்று பெயர் சூட்டினார்கள். கருணையாம்! பெயர் மாற்றிய கப்பல் உருப்படாது என்று மாலுமிகள் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களை ராஜா வாழ்க என்று மூன்று முறை கத்த வைத்தார்கள்.

கார்ன்ஃபோர்த்தும் அப்படித்தான். ரௌட்டனில் கேப்டனாக இருந்தபோது ஒட்ட வெட்டிய தலை, கறுப்புச் சட்டை, ஞாயிறுக்கு இரண்டு பிரசங்கம். இப்போது ராஜாவின் ஆள். கப்பலுக்குப் பெயர் மட்டும்தான் மாறியது. இவனுக்கு எல்லாமே மாறியது.

அந்தப் பழைய நாளில்தான் என் தம்பி ஏனோக்கைக் கூடையில் தொங்கவிட்டான்.

ஏப்ரல் 22

நேற்று அதற்குமேல் கை ஓடவில்லை. எழுதிவிடுகிறேன்.

காவலில் தூங்குகிறவனுக்குக் கடலில் ஒரு வழக்கம் உண்டு. முதல் தடவை தலையில் ஒரு வாளித் தண்ணீர். அடுத்தது, கைகளை உயர்த்திக் கட்டிச் சட்டைக் கைக்குள் தண்ணீர். மூன்றாவது, கம்பத்தில் கட்டிக் கழுத்தில் பாரம். நான்காவது தடவை தூங்கினால் கூடை. கப்பலின் மூக்கிலிருந்து கடல்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தின் நுனியில் ஒரு கூடையைக் கட்டி, அதில் ஆளை உட்காரவைத்து, ஒரு ரொட்டி, ஒரு குவளை பீர், ஒரு கூரிய கத்தி கொடுப்பார்கள். ஏறி வரக்கூடாது, மேலே துப்பாக்கியோடு ஒருவன் நிற்பான். பட்டினி கிடந்து சாகலாம், அல்லது கயிற்றை அறுத்துக்கொண்டு கடலில் விழலாம். கொன்றது யாருமில்லை, பாருங்கள். அவனே அறுத்துக்கொண்டான்.

ஏனோக்குக்குக் குளிர்காய்ச்சல். நின்றபடியே கண் சொருகும். நான் போய்க் காலில் விழுந்தேன். "சட்டம்னா சட்டம்" என்றான் கார்ன்ஃபோர்த். ஜெபப்புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இரண்டு நாள் தொங்கினான் என் தம்பி. கீழே இருந்து கத்துவான். "அண்ணே, ரொட்டி கல்லு மாதிரி இருக்கு! கத்தி மழுங்கிடும்போல!" மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் சிரிக்கச் சொல்லித்தானே கத்தினான்? இரண்டாம் நாள் சாயங்காலம் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

கூடை மிதந்தது. கொக்கி போட்டு எடுத்து, கழுவி, ரொட்டி வைக்கச் சமையல்கட்டுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். ராஜாவின் கப்பலில் எதையும் வீணாக்க மாட்டார்கள் — அன்று ராஜா இல்லைதான். யார் இருந்தால் என்ன.

இரண்டு வருஷம் முன்பு டச்சுக்காரன் குண்டு என் காலை எடுத்தது. கால் போனவனுக்குச் சமையல் வேலை தருவது வழக்கம். வேறு கப்பலில் நல்ல இடம் இருந்தது. மெர்சிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஒருநாள் அவன் இங்கே வருவான் என்று எனக்குத் தெரியும். கூடை இதோ, என் தலைமாட்டில் தொங்குகிறது. ஏனோக் போன அன்றிலிருந்து நான் விடியும்வரை முழுசாகத் தூங்கியதில்லை.

மே 2

வந்தான். தோளில் புரளும் சுருட்டைப் பொய்முடி, கையில் மடிநாய். நாய்க்குக்கூட ரிப்பன். கப்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சமையல்கட்டுக்குள் தலையை நீட்டினான்.

"நீதான் சமையலா? கால் எங்கே போச்சு?"

"லோஸ்டாஃப்ட் சண்டையில போச்சு ஐயா."

"நல்ல காரியத்துக்குத்தான் போயிருக்கு. நாய்க்கு ஏதாவது எலும்பு இருக்கா?"

பெயரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஸ்கிட்மோர் என்று சொல்லியிருப்பேன். ஏனோக் ஸ்கிட்மோர், ஒபடையா ஸ்கிட்மோர். முகம் மாறுகிறதா என்று பார்த்திருப்பேன். நாய் எலும்பைக் கவ்விக்கொண்டு போனது. அவனும் போனான்.

மே 3

எலிப்பாஷாணம் அலமாரியில் இருக்கிறது. அடுத்த வாரம் இங்கே சாப்பிடப்போகிறானாம். ஆட்டுக்கறி கேட்டிருக்கிறான்.

மே 8

ஆட்டுக்கறி நன்றாக வந்தது. அவன் எலும்பை உறிஞ்சியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பாஷாணம் போடவில்லை. பயத்தால் இல்லை. பாஷாணத்தில் செத்தால் எதற்காகச் சாகிறோம் என்று அவனுக்குத் தெரியாது. வயிற்றுக்கடுப்பு என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுவான். அப்படி விடுவேனா?

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமி எனக்கு வேண்டாம். ஒரே ஒரு ஆள் போதும்.

மே 19

ப்ரூடன்ஸ் அக்கா துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள்: "ஏன் அந்தக் கேப்டனை அப்படி முறைக்கிறே?" சொன்னேன். முதல் தடவையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள்.

"மேல இருக்கிறவர் பாத்துக்குவாருடா. நீ ஏன் கையை அழுக்காக்கிக்கிறே?"

"ஒன்பது வருஷமா பாத்துட்டுத்தான் இருக்காரு அக்கா. பொய்முடி போட்டு அழகு பாக்கிறாரு."

தெய்வம் நின்று கொல்லுமாம். ஒற்றைக்கால் சமையல்காரனால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது.

ஜூன் 10

ஆற்றின் வாய்ப்பக்கம் பீரங்கிச் சத்தம். டச்சுக் கப்பற்படை தேம்ஸ் முகத்துவாரத்தில் நிற்கிறதாம். நம் கப்பல்களில் ஆளுமில்லை, பீரங்கியுமில்லை. கரையில் எல்லோரும் வண்டியில் கட்டிலை ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். ப்ரூடன்ஸைக் கில்லிங்ஹாமில் அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

ஜூன் 12

உத்தரவு வந்துவிட்டது. டச்சுக்காரன் ஏறி வராமல் இருக்க நம் கப்பல்களை நாமே ஆற்றின் நடுவில் மூழ்கடிக்க வேண்டுமாம். மெர்சியும் அதில் ஒன்று. யேட்ஸ் துளைக்கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, "நானே ஒட்டுப்போட்ட பலகையை நானே ஓட்டை போடணுமா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

கார்ன்ஃபோர்த் கூலிக்குப் பிடித்த நான்கு பேரோடு வந்திருக்கிறான். மூன்று நாளாகத் தூங்கவில்லை என்று அவன் கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது.

ஜூன் 15. கில்லிங்ஹாம், ப்ரூடன்ஸ் அக்காவின் தங்கை வீடு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆண்டவரே, இதைப் பாவம் என்ற தலைப்பில் எழுதுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

பதின்மூன்றாம் தேதி காலை நீர் ஏறியிருந்த நேரம். கப்பலை இழுத்துப்போய் நங்கூரம் போட்டோம். கூலிக்கு வந்தவர்கள் பயத்தில் அவசரமாகப் போட்டார்கள்; ஆற்றின் நடு ஆழம் இன்னும் தள்ளி இருந்தது. ட்ரூப் கத்தினான், யாரும் கேட்கவில்லை. யேட்ஸ் கீழே இறங்கித் துளைத்தான். தண்ணீர் வரத் தொடங்கியது.

கார்ன்ஃபோர்த் தன் அறையில் நாற்காலியில் சாய்ந்தான். "சமையல், எதிரி ஆத்து வளைவுல தெரியுதான்னு நான் இங்கேருந்து பாத்துக்கறேன். கண்ணசந்துட்டேன்னா, தண்ணி கீழ்த்தட்டுக்கு வந்ததும் எழுப்பு."

"ஆகட்டும் ஐயா."

தலை சாய்ந்தது. பொய்முடி நழுவி மடியில் விழுந்தது. உள்ளே நரைத்த, ஒட்ட வெட்டிய தலை — அதே பழைய தலை. காவலில் தூங்குகிறான். என் எதிரே தூங்குகிறான்.

மேலே வந்தேன். ட்ரூப் படகில் இருந்தான். "கேப்டன் எங்கேய்யா?" "அந்தப் பக்கத்துப் படகுல முன்னாடியே போயிட்டாரு." "நீ?" "சட்டி பானை இருக்கு. சின்னப் படகுல வர்றேன்." போய்விட்டார்கள். நானும் போயிருக்கலாம். ஆனால் பார்க்க வேண்டுமே! தண்ணீர் தொண்டைக்கு வந்ததும் அவன் விழிக்க வேண்டும், வாசலில் நான் நிற்பதைப் பார்க்க வேண்டும், நான் பெயரைச் சொல்ல வேண்டும். எத்தனை வருஷமாக அந்தப் பெயரை வாயில் வைத்து மென்றுகொண்டிருக்கிறேன்!

தண்ணீர் கீழ்த்தட்டுக்கு வந்தது. பீரங்கித் தட்டுக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது. கப்பல் ஒரு முனகலோடு சேற்றில் உட்கார்ந்து சாய்ந்தது. ஆழம் போதவில்லை. சண்டாளக் கப்பல், மூழ்கக்கூடத் தெரியவில்லை!

அந்தக் குலுக்கலில் அவன் விழித்துக்கொண்டான். காலை நனைத்தபடி ஓடிவந்தான். காலியான மேல்தட்டையும் என்னையும் பார்த்தான்.

"எல்லாரும் எங்கே?"

"போயிட்டாங்க ஐயா."

"நீ மட்டும் எனக்காகவா நின்னே?" அவன் கண் கலங்கியது. என் தோளைப் பிடித்துக்கொண்டான். "ஒத்தைக் காலை வச்சுக்கிட்டு... இதை நான் மறக்க மாட்டேன்டா."

என்னைத் தொடாதே என்று கத்த வேண்டும்போல இருந்தது. சின்னப் படகைப் பார்த்தேன். கயிறு மட்டும் இருந்தது. எவனோ அவிழ்த்துக்கொண்டு போயிருந்தான்.

நீர் வற்றத் தொடங்கி வெகுநேரம் கழித்து டச்சுக்காரர்கள் வந்தார்கள். எங்களைத் தாண்டியே போனார்கள், எங்கள் பக்கத்தில் தாராளமாக வழி இருந்தது. போகிற போக்கில் தீ மூட்டிய காலிக் கப்பல் ஒன்றை எங்கள் கப்பலின் பின்புறத்தில் ஒட்டிவிட்டார்கள். கார்ன்ஃபோர்த்தின் அறை முதலில் பிடித்தது. காற்று புகையை எங்கள்மேல் தள்ளியது. கப்பலின் மூக்கைத் தவிரப் போக்கிடம் இல்லை.

"எனக்கு நீச்சல் தெரியாதுடா" என்றான்.

"கவலைப்படாதீங்க ஐயா. வழி இருக்கு."

கூடையைக் கொண்டுவந்தேன். அந்த மரத்தின் நுனியில் கட்டினேன். "இதுல உக்காருங்க. நெருப்புக்கு எட்டாம இறக்கிடறேன். படகு வந்ததும் எடுத்துக்குவாங்க." குழந்தை மாதிரி ஏறி உட்கார்ந்தான். இறக்கினேன். பிறகு ஒரு கயிற்றில் கட்டி மூன்று சாமான்களை அனுப்பினேன். ரொட்டி. குவளையில் பீர். கத்தி.

ரொட்டியை வாங்கும்போது, "நல்லவன்டா நீ" என்றான். கத்தியை வாங்கிப் புரட்டினான். மெதுவாக நிமிர்ந்து பார்த்தான்.

"ஏனோக் ஸ்கிட்மோர்" என்றேன். "ஞாபகம் இருக்கா?"

"யாரு?"

"ரௌட்டன்ல. நாலாவது தடவை தூங்கினவன். என் தம்பி."

வெகுநேரம் என்னையே பார்த்தான். தேடுகிறான். மனசுக்குள் தேடுகிறான். கிடைக்கவில்லை! ஆண்டவரே, அவனுக்கு ஞாபகமே இல்லை. நான் ஒன்பது வருஷம் தூக்கம் கெட்டேன், இவன் அதை மறுநாளே மறந்துவிட்டான்.

"அது... அது சட்டம்டா" என்றான் கடைசியில்.

"இதுவும் அதே சட்டம்தான் ஐயா. காவல்ல தூங்கினீங்க. நான் பாத்தேன்."

பிறகு புகை அவனை மறைத்துவிட்டது. "டேய், தூக்குடா! டேய்!" என்ற சத்தம் மட்டும் வந்தது. நான் முகப்புப் பெண்சிலையின் பக்கமாகக் கயிற்றில் சறுக்கி இறங்கினேன். முழங்கால் அளவுத் தண்ணீர், அதன் கீழே வெண்ணெய்போலச் சேறு. மரக்கால் சொருகிக்கொண்டது. வாரை அவிழ்த்து, காலை அங்கேயே விட்டுவிட்டுத் தவழ்ந்து கரை சேர்ந்தேன்.

அவனும் கயிற்றை அறுத்திருந்தால் அதே சேற்றில் மெத்தென்று விழுந்திருப்பான். ஒரு காயமும் பட்டிருக்காது. கீழே ஆழமான தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு தொங்கியே கிடந்தான். ட்ரூப்பும் யேட்ஸும் என்னைத் தேடிப் படகில் வந்தபோது நெருப்பு முன்கம்பத்துக்கு வந்திருந்தது; கூடையோடு அவனை இறக்கிக் காப்பாற்றினார்கள். ரொட்டியைத் தொடவே இல்லையாம்.

என் தம்பி ரொட்டியைத் தின்றான், பீரைக் குடித்தான், சிரித்தான், அறுத்தான்.

ஜூன் 16

மரக்கால் இல்லாமல் தவளை மாதிரி இருக்கிறேன். யேட்ஸ் புதிது செதுக்குகிறான். மெர்சியின் எரியாத பலகையாம்.

ஜூன் 28

ஊரே சிரிக்கிறது. தோற்ற வயிற்றெரிச்சலுக்கு ஜனங்களுக்கு ஒரு சிரிப்பு வேண்டும். கார்ன்ஃபோர்த் தெருவில் போனால் கடைக்காரிகள் கூடையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். 'கூடைக் கேப்டன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

எதிரியைக் கண்காணிக்கத் தானே கூடையில் இறங்கியதாக அவன் சொல்லித் திரிகிறான். வேறு என்ன சொல்வான்? சமையல்காரன் தொங்கவிட்டான் என்றால், ஏன் என்று கேட்பார்கள். எதிரி வரும்போது தூங்கினேன் என்று சொல்ல வேண்டும். அதற்குக் கேப்டனுக்கும் தண்டனை உண்டு.

ட்ரூப் இன்று என்னைத் தனியே பிடித்தான். "கேப்டன் முன்னாடியே போயிட்டாருன்னு சொன்னியே?"

"அப்படித்தான் நினைச்சேன்."

"நீ நினைச்சிருப்பே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஜூலை 24

மெர்சி எரிந்தது பற்றி லண்டனில் விசாரணை. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பெரிய மனிதர்கள். கார்ன்ஃபோர்த் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். என் முறை வந்தது.

"கப்பலை மூழ்கடித்தபோது கேப்டன் விழிப்பாகத்தான் இருந்தாரா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். வியர்வை பொய்முடியிலிருந்து வழிந்தது. ஒரே வார்த்தை. சொன்னால் முடிந்தது அவன் கதை. நாக்கு நுனியில் இருந்தது, தித்தித்தது.

முடிந்துவிட்டால்? அப்புறம் எனக்கு என்ன இருக்கிறது?

"இப்போதைக்கு ஞாபகம் இல்லை ஐயா. வயசாச்சு. ஞாபகம் வந்தா வந்து சொல்றேன்."

பெரிய மனிதர்கள் சிரித்துவிட்டு என்னை அனுப்பினார்கள். அவன் சிரிக்கவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. இனி அவன் எங்கே உட்கார்ந்தாலும் கூடையில்தான்.

செப்டம்பர் 1

கில்லிங்ஹாமில் ரொட்டி சுடுகிறேன். வியாபாரம் பரவாயில்லை. இன்று கடை வழியாக அவன் போனான், நின்றான், கண்ணாலேயே கேட்டான். இன்னும் ஞாபகம் வரலீங்க ஐயா என்றேன். ரொட்டி வாங்காமல் போனான்.

செப்டம்பர் 15

மறுபடியும் வந்தான். இளைத்துவிட்டான். மகிழ்ச்சியாக இருந்தது.

அக்டோபர் 13

மூடியிருந்த கடைக்கதவைத் தட்டி உள்ளே வந்தான். பொய்முடி இல்லை, நாய் இல்லை.

"எப்ப சொல்லப்போறே?"

"அவசரம் என்ன ஐயா."

"மூணு மாசமா தூக்கம் இல்லை."

"எனக்கு ஒன்பது வருஷமா இல்லை."

அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். "உன் தம்பி பேரு என்ன சொன்னே?"

"ஏனோக்."

"ஏனோக்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனான். அந்தப் பெயர் அவன் வாயில் இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன்.

நவம்பர் 6

ட்ரூப் லண்டனிலிருந்து வந்திருக்கிறான். கார்ன்ஃபோர்த் தானாகவே அந்த மேஜைக்கு முன்னால் போய் நின்றானாம். யாரும் அழைக்கவில்லை. "எதிரி வரும்போது நான் தூங்கினேன். ஒரு காலத்துல ஏனோக் ஸ்கிட்மோருங்கிறவன் தூங்கினதுக்குக் கூடையில வச்சேன். எனக்கும் அதே தண்டனைக்குத் தகுதி" என்றானாம். வாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். காவலில் வைத்திருக்கிறார்கள், என்ன ஆகும் என்று தெரியவில்லை.

"உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலைய்யா" என்றான் ட்ரூப்.

அறுத்துக்கொண்டான். நான் கொடுத்த கத்தியால் அவனே கயிற்றை அறுத்துக்கொண்டான். என்னிடம் கேட்காமல்! யார் அவனுக்கு அனுமதி கொடுத்தது? இன்னும் பல வருஷம் தொங்கவிட்டிருப்பேன் படுபாவியை. என் தம்பி பெயரைப் பெரிய மனிதர்கள் முன்னால் சொன்னானாமே. அந்தப் பெயரை நான்கூட அங்கே சொல்லவில்லையே.

சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போனேன். நீர் வற்றியிருந்தது. மெர்சியின் கரிந்த விலாமரங்கள் சேற்றுக்கு மேலே தெரிந்தன. தங்கப்பெண்ணும் இல்லை, சிங்கமும் இல்லை. இப்போது அதற்கு எந்தப் பெயரும் இல்லை.

நவம்பர் 7

காலையில் அடுப்பு மூட்டவில்லை. வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கிவிட்டேன். ப்ரூடன்ஸ் அக்கா கதவை உடைக்கிற மாதிரி தட்டி, "செத்துகித்துப் போயிட்டியாடா, வாசல்ல ரொட்டிக்கு ஆள் நிக்குது!" என்று கத்தித்தான் எழுப்பினாள்.